சாட்சிக்குத் துணை

துன்புற்றவர்க்கு இரங்குதல் எளிது. துணை நிற்றல் அரிது. இவ்வேற்றுமையை உணர விரும்பும் மாணவர்கள் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர் அது. 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், பதுக்கிய சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி, வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் அவ்வூரினுள் புகுந்தனர். வீடுகள் சிதைக்கப்பட்டன, உடைமைகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். காக்கக் கடமைப்பட்டவரே கொடுமை இழைத்தால் முறையிடுவது யாரிடம்?

ஆறுதல் மொழியால் மட்டும் அத்துயர் தீர்ந்திராது. கூறுவதை நம்பிக் கேட்பார் வேண்டும். மனு எழுதித் தருவார் வேண்டும். நீதிமன்றம் வரை உடன் வருவார் வேண்டும். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அத்துணையாக நின்றது. 1995இல் புலனாய்வு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது.

தீர்ப்புக்கு 19 ஆண்டுகள்! வழக்கு நீள நீள, வறுமையும் அச்சமும் சாட்சியின் வாயை அடைக்க முயலும். அப்போது அவரைத் தனியே விடாதிருப்பதே துணை. உங்களிடம் ஒருவர் தம் துன்பத்தைக் கூற வந்தால், “அங்கே ஏன் சென்றாய்?” என்று வினவாதீர்கள். முழுவதும் கேளுங்கள்; அவர் பெயரைப் பரப்பாதீர்கள்; அவர் விரும்பினால் உடன் செல்லுங்கள். நீதியின் நெடுவழி அங்கேதான் தொடங்குகின்றது.