மதனப்பள்ளியில் ஓர் ஆங்கில வாத்தியார்

வெளிநாட்டுக்குப் போய் வாத்தியார் வேலை பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. எத்தியோப்பியாவிலும் நைஜீரியாவிலும் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். திருப்பதி மிஷன் பள்ளியில் படித்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1936-ல் ஆக்ஸ்போர்டிலேயே பேராசிரியராக அமர்ந்தார். இதற்கு எதிர்த்திசையில், மேற்கிலிருந்து நம் பக்கம் வந்து ஆங்கிலம் கற்பித்த ஒருவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர் ஜேம்ஸ் ஹென்றி கசின்ஸ். வந்து சேர்ந்த ஊர் மதனப்பள்ளி.

திருப்பதியிலிருந்து மேற்கே பீலேரு வழியாகப் போனால் மதனப்பள்ளி வரும். இன்றைக்குத் தக்காளிச் சந்தைக்குப் பேர்போன ஊர். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டம் 1911-ல் உருவானபோது அது சென்னை மாகாணத்தின் பகுதி. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-ல் பிறந்ததும் இங்கேதான். 1915-ல் அன்னி பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் இங்கே ஒரு கல்லூரி தொடங்கியது.

கசின்ஸ் 1873-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். டப்ளினில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே கவிதையும் நாடகமும் எழுதினார். பெசன்ட் அழைப்பின் பேரில் 1915-ல் மனைவி மார்கரெட்டுடன் சென்னை வந்து "நியூ இந்தியா" பத்திரிகையில் சேர்ந்தார். மறு ஆண்டே வந்தது வினை. வெள்ளை அரசை எதிர்த்து டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதிவிட்டார். பத்திரிகை வேலை போயிற்று. பெசன்ட் அவரை மதனப்பள்ளிக் கல்லூரிக்கு ஆங்கில ஆசிரியராக அனுப்பினார். ஆக, ஆங்கில ஆட்சியோடு ஒத்துப்போகாத காரணத்தால் ஆங்கில வாத்தியார் ஆனவர் அவர்!

தம்பதியர் இருவரும் மரக்கறி உணவுக்காரர்கள். அதனால் சாப்பாட்டு விஷயத்தில் நம்ம ஊர் அவர்களுக்குச் சிரமம் தரவில்லை. மார்கரெட் முறையாக மேற்கத்திய இசை கற்றவர். 1917-ல் சென்னையில் இந்திய மாதர் சங்கம் தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1919 பிப்ரவரியில் தாகூர் இவர்களின் விருந்தினராக மதனப்பள்ளி வந்து சில நாள் தங்கினார். மாணவர்கள் கூடிப் பாடும் ஒரு மாலையில் அவர் "ஜன கண மன" பாடிக் காட்டினார். கேட்டவர்கள் விடுவார்களா? அடுத்த சில நாளில் அவரே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தார். கல்லூரியில் அது காலைப் பாட்டானது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். "தேசிய கீதத்தின் மெட்டே மதனப்பள்ளியில்தான் பிறந்தது" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியல்ல. 1911 டிசம்பர் 27-லேயே கல்கத்தா காங்கிரசில் அது பாடப்பட்டுவிட்டது. மார்கரெட் செய்தது, தாகூர் பாடிய மெட்டை மேற்கத்திய முறையில் சுரக்குறிப்பாக எழுதி வைத்தது. அதுவே பெரிய காரியம்தான். காதில் கேட்டது காகிதத்தில் நின்றது.

அதே 1919-ல் கசின்ஸ் டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலக் கவிதை கற்பிக்கப் போய், பிறகு இந்தியா திரும்பினார்.

1924-ல் மைசூரில் ஒரு மாணவர், தாம் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளைக் கசின்ஸிடம் காட்டினார். வேறொரு ஆங்கில ஆசிரியராக இருந்தால் திருத்திக் கொடுத்து, "பேஷ், இன்னும் எழுது" என்று தட்டிக் கொடுத்திருப்பார். கசின்ஸ் அவரைத் தாய்மொழியில் எழுதச் சொன்னார். அந்த மாணவர் கன்னடத்துக்குத் திரும்பினார். அவர்தான் குவெம்பு. கன்னடத்துக்கு முதல் ஞானபீட விருதைப் பெற்றுத் தந்தவர். அவர் பாடல் 2004-ல் கர்நாடகத்தின் மாநிலப் பாடலாயிற்று.

ஏன் அப்படிச் சொன்னார்? கசின்ஸுக்கு ஆங்கிலம்தான் வீட்டு மொழி. ஆனால் ஐரிஷ் மொழி ஆங்கிலத்தின் கீழ் ஒடுங்கிப்போன நாட்டில் வளர்ந்தவர். பழைய ஐரிஷ் கதைகளை மீட்டெடுத்த இலக்கிய இயக்கத்தில் ஈடுபட்டவர். கற்ற மொழியில் பிழையில்லாமல் எழுதலாம். ஆனால் தாலாட்டும் வசவும் எந்த மொழியில் காதில் விழுந்ததோ, அதில்தான் கவிதைக்கு வேர் இருக்கும். இதை அறிந்தவர் ஆங்கிலம் கற்பிப்பதை நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்காக உன் மொழியை விடாதே என்றார்.

புலம்பெயர்ந்த நமக்கு இந்தச் சிக்கல் தலைகீழாக வருகிறது. நம் பிள்ளைகளின் காதில் முதலில் நிறைவதே ஆங்கிலம். தமிழ் சனிக்கிழமை வகுப்பில் கற்கும் பாடமாகிறது. அப்படியானால் குவெம்புவுக்குச் சொன்னது இவர்களுக்கும் பொருந்துமா? பொருந்த வேண்டுமானால் தமிழ் முதலில் வீட்டு மொழியாக இருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியர் எழுத்தைக் கற்றுத் தரலாம்; சாப்பாட்டு வேளையில் பேசிச் சிரிக்கும் தமிழை அம்மாவும் அப்பாவும்தான் தர முடியும்.

மார்கரெட் 1954-ல் மறைந்தார். கசின்ஸ் 1956 பிப்ரவரியில் மதனப்பள்ளியிலேயே காலமானார். ஒரு நாட்டின் பாட்டைக் காகிதத்தில் பதித்த வீடு அவர்களுடையது; ஒரு மாநிலத்தின் பாட்டை எழுதியவரைத் தன் மொழிக்குத் திருப்பி அனுப்பியதும் அந்த வாத்தியார்தான். இரண்டு பாட்டுமே ஆங்கிலத்தில் பிறந்தவை அல்ல.