மாரியில் மண்ணை வெறுமனே விடாதீர்கள்

மாரி வருகிறது என்றால் கூரையில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறோம். வடிகானைத் துப்புரவு செய்கிறோம். விறகை நனையாத இடத்தில் அடுக்கி வைக்கிறோம். ஆனால் வளவில் கிடக்கும் மண்ணை அந்த மழை என்ன செய்யும் என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்?

வாசக சகோதர சகோதரிகளே! கொச்சிக்காய்க்கும் கத்தரிக்கும் சந்தையில் சொல்லும் விலையைக் கேட்டு வீட்டுத்தோட்டம் போட நினைப்பவர்கள் பலர். நாற்றும் நட்டு, பசளையும் போட்டு, தண்ணீரும் ஊற்றிய பின் செடி வெளிறிப்போய் நிற்கும்போது, "நமது மண் சரியில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். மண் பிறவியிலேயே கெட்டதல்ல. ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் அதை வெறுமையாக விட்டுவிடுவதுதான் பிழை.

மழை எதைக் கொண்டு போகிறது?

கிழக்குக் கரையோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையிலேயே கொட்டுகிறது. அங்குள்ள மணல் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. தண்ணீர் கீழே இறங்கும்போது பயிருக்கு உணவாகும் நைதரசனும் நைத்திரேற்றாகக் கரைந்து அதனோடு இறங்கிவிடுகிறது. கண்டி, மாவனல்லை போன்ற மலைச்சரிவு நிலங்களிலோ மேல்மண்ணே கழுவப்பட்டு ஓடைக்குப் போய்விடுகிறது.

இறங்கிய நைத்திரேற்று எங்கே போகிறது? கிணற்றுக்குத்தான். மணல் பாங்கான கற்பிட்டியிலும், சுண்ணாம்புக்கல் மேலுள்ள யாழ்ப்பாணத்திலும் பல கிணறுகளில் இது அளவுக்கு மீறி இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிருக்கு அதிகமாகப் போட்ட பசளையும் மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்தால் அது கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். கிணற்றுநீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும் தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது.

ஆகவே மழைக்காலத்தில் மண்ணுக்குள் உயிருள்ள வேர் இருக்க வேண்டும். கரைந்து போகும் சத்தை அந்த வேர் பிடித்துத் தண்டிலும் இலையிலும் சேமித்து வைக்கும். மேலே விரியும் இலைகள் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும். மாரி முடியும் தறுவாயில் அந்தப் பயிரை வெட்டி மண்ணுக்கே கொடுத்துவிடலாம். இதுதான் மூடுபயிர்.

புதிய விடயமல்ல

யாழ்ப்பாணத்து விவசாயிகள் பூவரசங் குழையையும் பனையோலையையும் தோட்டத்து மண்ணில் தாழ்ப்பது நெடுங்கால வழக்கம். நெல் அறுத்த வயலில் சணல் விதைத்து, மஞ்சளாகப் பூத்ததும் உழுது மடக்கிவிடுவதும் அங்கே உண்டு. நமது வளவுக்கு ஏர் தேவையில்லை. ஒரு கத்தியும் மண்வெட்டியும் போதும்.

எதை விதைக்கலாம்?

கௌபி, பயறு, சணல் போன்ற அவரையினப் பயிர்களின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுள் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உணவாக மாற்றிக் கொடுக்கின்றன. ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

ஒரு பேர்ச் நிலத்துக்குச் சணல் விதை 100 முதல் 125 கிராம் வரை போதும். கௌபி என்றால் 150 முதல் 200 கிராம் வரை தூவலாம். சமையலுக்கு வாங்கிய முழுக் கௌபியே உதவும். வறுத்ததோ உடைத்ததோ ஆகாது. முதலில் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஒரு பிடி குரக்கனையும் கலந்து விதைத்தால் மேலும் நல்லது. மண்ணில் ஏற்கனவே உள்ள நைத்திரேற்றைப் பிடிப்பதில் அவரையினத்தை விடப் புல்லினத்தின் நார்வேர் கெட்டிக்காரத்தனமானது.

வீட்டு வாசலுக்கு அருகே உயரமான சணல் வேண்டாம். பாம்பு பூச்சி பற்றிய பயம் இருக்குமிடத்தில் தாழ்வாக வளரும் கௌபியே பொருத்தம். சணல் விதை நஞ்சுள்ளது. ஆடு, கோழிகளுக்கு எட்டாமல் வையுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கௌபி அழுகிப்போகும். அங்கே தக்கைப்பூண்டு நிற்கும்.

எப்போது வெட்டுவது?

ஒக்டோபர் மழையோடு விதைத்தால் டிசம்பரில் பூக்கத் தொடங்கும். அதுவே வெட்டும் தருணம். காய்க்கட்டும் என்று காத்திருந்தால் சத்து விதைக்குப் போய்விடும். தண்டும் நாராகி உக்க மறுக்கும். கௌபியில் நாலு காய் பறித்துக் கறி வைக்க ஆசை வந்தால் ஓர் ஓரத்தை மட்டும் அதற்கு விட்டு வையுங்கள்.

தரையோடு வெட்டி, துண்டு துண்டாக்கி, மேல்மண்ணோடு லேசாகக் கலந்து விடுங்கள். சரிவான நிலத்தில் கொத்தவே வேண்டாம். வேரை உள்ளே விட்டு, வெட்டியதை மேலே பரப்பினால் போதும். இரண்டு, மூன்று வாரம் பொறுத்து, ஜனவரியில் கத்தரி, கொச்சிக்காய், வெண்டி நாற்றுகளை நடலாம். பச்சையாக உக்கும் வேளையில் நட்டால் நாற்று அழுகக்கூடும்.

செழித்து வளர்ந்த சணல் ஒரு பேர்ச்சில் ஏறக்குறைய அரைக் கிலோ யூரியாவில் உள்ள நைதரசனைத் தன்னுள் வைத்திருக்கும். அவ்வளவும் உடனே பயிருக்குக் கிடைத்துவிடாது. உக்க உக்கச் சிறிது சிறிதாக வரும். வறண்ட மணலில் முதல் ஆண்டு விளைவு குறைவாகவே இருக்கும். வேலியில் நிற்கும் கிளிசரிடியாக் குழையையும் வெட்டிப் போடுங்கள். அது விரைவில் உக்கும்.

அவசரம் ஆகாது

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டதையும், விளைச்சல் விழுந்து அந்த நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அதன் பிறகு பசளை விலை ஏறியதும் ஒவ்வொரு குசினியிலும் தெரிந்தது. மண்ணை ஓர் உத்தரவால், ஒரே போகத்தில் மாற்ற முடியாது என்பதே அந்த ஆண்டு தந்த பாடம். அது ஆண்டாண்டாகச் சேர்க்க வேண்டிய முதல்.

முழு வளவையும் இதற்கு ஒதுக்குங்கள் என்று சொல்லவில்லை. இந்த மாரிக்கு ஒரு பேர்ச் மட்டும் விதையுங்கள். அடுத்த மாரிக்கு அதன் பக்கத்து நிலத்தை எடுங்கள். கூட்டிய சருகுக்குத் தீ வைப்பதை நிறுத்தி, அதையும் அந்த நிலத்திலேயே பரப்புங்கள். இரண்டு மூன்று ஆண்டில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தால் வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும். நிறம் கறுத்திருக்கும், ஈரம் நிற்கும், மண்புழு நெளியும். கொச்சிக்காய் வாங்கச் சந்தைக்கு ஓடும் நாட்களும் குறைந்திருக்கும்.