பிரிட்டோரியாவில் மாதர் காட்டிய வழி

தலைமை என்பது வயதினால் வருவதா, பதவியினால் வருவதா, அன்றிப் பொதுப்பணியினால் வருவதா என்னும் வினாவிற்குத் தென்னாபிரிக்க மாதரின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

அந்நாட்டில் நிறவெறி ஆட்சி நிலவிய காலத்தில், ஆபிரிக்க ஆடவர் ‘பாஸ்’ எனப்படும் அனுமதிப் புத்தகத்தை எந்நேரமும் உடன்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. நகரில் தங்குவதும் தொழில் செய்வதும் அப்புத்தகத்தையே பொறுத்திருந்தன. கேட்டவிடத்து அதனைக் காட்டத் தவறியவர் கைதுசெய்யப்பட்டார். 1950களில் அரசாங்கம் இக்கட்டுப்பாட்டைப் பெண்கள் மீதும் சுமத்த முற்பட்டது. வீதியிலே தாய் கைதானால், வீட்டிலே குழந்தையைப் பேணுவார் யார்? அரசியலைப் பொருட்படுத்தாதிருந்த இல்லத்தரசியரையும் இவ்வச்சம் பொதுவாழ்வுக்கு அழைத்து வந்தது.

1954ஆம் ஆண்டில் ஜொகன்னஸ்பேர்க்கில் தோன்றிய தென்னாபிரிக்க மாதர் சம்மேளனம் அவர்களை ஒன்றுதிரட்டியது. 1956 ஓகஸ்ட் 9ஆம் நாள், ஏறத்தாழ 20,000 பெண்கள் நிர்வாகத் தலைநகராகிய பிரிட்டோரியாவில் அரசாங்கத் தலைமையகத்தின் முன் கூடினர். ஊர்வலம் தடைசெய்யப்பட்டிருந்தமையால் இருவர் மூவராகவே நடந்து வந்தனர். பலர் முதுகிலே குழந்தைகள் இருந்தன. இந்திய வம்சாவளிப் பெண்கள் சேலையணிந்து வந்தனர். பிரதமர் ஸ்ட்ரைடம் அவர்களைச் சந்திக்கவில்லை. கையொப்பமிட்ட மனுக்களை அவருடைய அலுவலகத்தில் வைத்துவிட்டு, அத்தனை பேரும் 30 நிமிடம் வாய்திறவாது நின்றனர்.

முன்னின்றவர் நால்வர். லிலியன் இங்கோயி ஆபிரிக்கர், தையற்றொழிலாளி. ஹெலன் ஜோசப் இங்கிலாந்திலே பிறந்த வெள்ளையர். ரஹீமா மூசா இந்திய வம்சாவளியினர். சோபியா வில்லியம்ஸ் கலப்பினத்தவர். சட்டம் நான்காகப் பிரித்து வைத்த சமூகங்கள் அன்று ஒரே வரிசையில் நின்றன. அவர்களுள் சோபியாவின் வயது 18 மாத்திரமே. போட் எலிசபெத் நகரின் நெசவாலையிலே தொழிலாளரின் குறைகளை எடுத்துரைக்கும் பிரதிநிதியாக இருந்து தொழிற்சங்கப் பணி பழகியவர் அவர். அந்தப் பயிற்சியே இளவயதில் அவரைத் தலைமை வரிசைக்கு உயர்த்தியது.

அன்றைய போராட்டம் உடனே பயன் தரவில்லை. பெண்களுக்கும் பாஸ் கட்டாயமாக்கப்பட்டது; 1986ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் நீங்கியது. 1994ஆம் ஆண்டில் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர். 1995 முதல் ஓகஸ்ட் 9ஆம் நாள் அங்கு மகளிர் தினப் பொது விடுமுறையாக விளங்குகின்றது. சோபியாவும் பிற்காலத்தில் கௌடெங் மாகாண சட்டமன்றத்தின் பிரதிச் சபாநாயகரானார்.

சட்டமன்ற ஆசனம் அவருக்குக் கிட்டுதற்கு நெடுங்காலம் முன்னரே, தொழிற்சாலையும் சங்கமும் அவருக்குத் தலைமையைக் கற்பித்திருந்தன. இளம் பெண்களின் அரசியற் பங்கை விரும்பும் சமுதாயம், அவர்களுக்கு முதலில் அத்தகைய சிறு பொறுப்புக்களை நம்பிக்கையோடு வழங்குதல் வேண்டும்.