ப்ரூஃப் கேட்டா 14 பக்க ஸ்டேட்மென்ட்டையும் அனுப்பணுமா?

புதுசா வாடகை வீடு பார்க்கிறீங்க. "சம்பளம் வர்றதுக்கு ஏதாவது ப்ரூஃப் வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க தம்பி"ன்னு ஹவுஸ் ஓனர் சொல்றார். நம்மில் பலர் மெயிலில் வந்த ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை அப்படியே அனுப்பிடறோம். பாஸ்வேர்டையும் அடுத்த மெசேஜ்ல தட்டிடறோம். அந்த பாஸ்வேர்டு பல பேங்க்ல உங்க பிறந்த தேதியை வெச்சு அமைஞ்சது!

அந்த ஃபைலை வேற ஆள் மாதிரி ஒரு தடவை படிச்சுப் பாருங்க. சம்பளம் மாசத்துக்கு ஒரு வரிதான். மிச்சமெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டினீங்க, எந்த லோன் ஆப்புக்கு இஎம்ஐ போகுது, அம்மாவுக்கு எவ்வளவு அனுப்புறீங்க என்பதுதான். பல யுபிஐ ஐடியில போன் நம்பரே இருக்கும். உங்க நண்பர்களோட நம்பரும் சேர்ந்து போகுது.

சரி, தேவையான பக்கத்தை மட்டும் பிரிக்கலாம்னு கூகுள்ல தேடினா இலவச தளங்கள் வரிசையா வரும். அதில் பல தளங்கள் உங்க ஃபைலை அவங்க சர்வருக்கு ஏத்தித்தான் வெட்டித் தரும். இந்த மாதிரி இலவச கன்வெர்ட்டர்களில் சில, ஏத்துற ஃபைல்ல இருக்கிற தகவலையே திருடுதுன்னு 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ டென்வர் அலுவலகம் எச்சரிச்சது. சம்பளக் கணக்குக்கு இந்த ரிஸ்க் எதுக்கு?

உங்க லேப்டாப்பிலேயே வழி இருக்கு. ஃபைலை குரோம் இல்லன்னா எட்ஜ்ல திறங்க. கன்ட்ரோல் + பி அழுத்துங்க. பிரிண்டர் இருக்கிற இடத்துல 'சேவ் ஆஸ் பிடிஎஃப்', பக்கம் கேட்கிற இடத்துல 1, 4, 9ன்னு வேண்டிய எண்களைக் கொடுத்து சேவ் பண்ணுங்க. நெட்டை ஆஃப் பண்ணிட்டே செய்யலாம். ஆண்ட்ராய்டு போன்லயும் பிடிஎஃப் திறந்து பிரிண்ட் போனா இதே ஆப்ஷன் வரும்.

புது ஃபைலுக்கு பழைய பாஸ்வேர்டு இருக்காது, அதனால அனுப்பின கையோட போன்ல இருந்து அழிச்சிடுங்க. வேண்டாத வரி மேல கறுப்புக் கட்டம் வரைஞ்சு மறைக்கிறதும் வேலைக்கு ஆகாது. அடியில் இருக்கிற எழுத்தை காப்பி பண்ணி எடுத்துடலாம். உண்மையைச் சொன்னா, ஹவுஸ் ஓனருக்கு ஒரு பே ஸ்லிப்பே தாராளம்.

ஹோம் லோன், விசா மாதிரி விஷயத்துல மட்டும் பக்கம் பிரிக்காதீங்க. 'பக்கம் 4 / 14'னு கீழே இருக்கும், நடுவுல பக்கம் இல்லன்னா சந்தேகம்தான் வரும். இப்படி பிரிண்ட் வழியா சேவ் பண்ணா பேங்க் போட்ட டிஜிட்டல் கையெழுத்தும் செல்லாம போயிடும். லோனுக்கு ஆர்பிஐ அனுமதி பெற்ற அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழி இருக்கான்னு கேளுங்க. பிடிஎஃப் யார் கைக்கும் போகாது. எந்தக் கணக்கு, எத்தனை மாசம்னு திரையில் காட்டி உங்க சம்மதம் கேட்கும், பிறகு அதை ரத்தும் பண்ணலாம்.