போரிங் வெந்நீர் ஊற்று: சூடு பார்த்து இறங்குங்கள்!

பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறதா? சிறுகச் சிறுகச் சேமித்து, ஒரு முறையாவது சபா மாநிலத்துக் கினாபாலு பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலையைச் சூழ்ந்த அந்தக் காட்டுக்குள்தான் போரிங் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கோத்தா கினாபாலுவில் விமானம் விட்டு இறங்கி, மலைப்பாதையில் ரானாவ் பட்டணத்தைத் தாண்டிப் போக வேண்டும். தீபகற்பத்திலிருந்து போகிறவர்கள் அடையாள அட்டையை மறந்துவிடாதீர்கள். சபாவில் இறங்கியதும் கேட்பார்கள்.

'போரிங்' என்பது கடசான் டூசுன் மக்கள் ஒருவகை மூங்கிலுக்கு வழங்கும் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அந்த ஊற்றைக் குளிக்குமிடமாக அமைத்தனர். 1964-இல் கினாபாலு பாதுகாக்கப்பட்ட பூங்காவாயிற்று. 2000-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது.

"அடுப்பில்லாமல் தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே பூமிக்குள் இறங்குகிறது. ஆழம் போகப் போகப் பாறையின் சூடு கூடும். அங்கே காய்ந்த நீர், கந்தகத்தையும் சுமந்துகொண்டு மேலே வருகிறது என்று சொல்லுங்கள்.

நாளெல்லாம் பால்மரக் காட்டில் நடந்து சலித்த கால்களுக்கு அந்த வெந்நீர் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்த நோயையும் அடியோடு போக்கிவிடாது. அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

முக்கியமாக, இனிப்பு நீர் உள்ள பெரியவர்களைக் கவனியுங்கள். நாளடைவில் அவர்களில் பலருக்குப் பாதம் மரத்துப்போகும், சுடுவதே தெரியாது. ஊற்றுநீரின் வெப்பம் சுமார் 50 முதல் 60 பாகை செல்சியஸ். 60 பாகை நீரில் ஐந்தாறு விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். அந்தப் புண் ஆறாமல் காலையே இழந்தவர்கள் உண்டு.

ஆகவே தொட்டியில் குளிர்ந்த நீரைக் கலந்துகொள்ளுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுமுன் முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்போமே, அதுபோல நல்ல உணர்ச்சியுள்ள ஒருவர் பார்த்த பிறகே தாத்தா பாட்டியையும் பிள்ளைகளையும் இறக்குங்கள். பத்து நிமிடம் போதும். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தக் காட்டில் ரஃப்லீசியா என்னும் பெரிய பூவும் பூக்கும். மாதக்கணக்கில் மொட்டாக இருந்து, ஒரு வாரத்துக்குள் வாடிவிடும். அதைத் தொடாமல் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டுமல்லவா?