கல்லீரல் மாற்றுக்குக் காத்திருக்கும் குழந்தை: பத்தியம் அன்று, ஊட்டமே தேவை

மஞ்சள் காமாலை என்றதும் எண்ணெயை விலக்கி, முட்டையையும் பருப்பையும் நிறுத்தி, மோர்ச்சோறும் கஞ்சியும் மட்டுமே கொடுப்பது நம் பகுதியில் நெடுங்கால வழக்கம். நாட்பட்ட கல்லீரல் நோயுள்ள குழந்தைக்கு இப்பத்தியம் பெருந்தீங்காக முடியும். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலத்தில் மருந்துக்கு இணையான சிகிச்சை உணவே ஆகும்.

குழந்தை மெலிவது ஏன்?

குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படுவதற்கு முதன்மையான காரணம், பிறந்த சில வாரங்களிலேயே பித்தநாளங்கள் அடைபட்டு அழியும் நோயாகும். பித்தநீர் குடலை வந்தடையாததால் மலம் வெளிறிப் போகிறது. உண்ணும் கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது. கொழுப்புடன் சேர்ந்து உறிஞ்சப்படும் ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் உடலில் சேர்வதில்லை. டி குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். கே குறைந்தால் இரத்தக்கசிவு எளிதில் நிற்காது.

வீங்கிய கல்லீரலும் வயிற்றில் தேங்கிய நீரும் இரைப்பையை அழுத்துவதால் குழந்தை சிறிது உண்டதும் போதும் என்கிறது. ஆனால் அதன் உடலோ, அதே வயதுடைய நலமான குழந்தையைவிட ஏறத்தாழ 20 முதல் 50 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றலைக் கேட்கிறது. மேலும், நோயுற்ற கல்லீரலால் சர்க்கரையைப் போதிய அளவு சேமிக்க இயலாது. எனவே சில மணி நேரம் பட்டினி கிடந்தாலும் உடல் தன் தசையைக் கரைத்து ஆற்றலைப் பெறுகிறது.

எடை ஏமாற்றும்

"எடை கூடியிருக்கிறதே" என்று பெற்றோர் மகிழ்வதுண்டு. கூடியது சதையா, வயிற்றில் தேங்கிய நீரா என்பதை எடைக்கருவி சொல்லாது. இக்குழந்தைகளுக்கு மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவே நம்பத்தக்க அளவு. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்கு இது 12.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் ஊட்டக்குறைவு, 11.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் கடும் ஊட்டக்குறைவு. இதற்குரிய நாடா அங்கன்வாடி மையங்களில் உண்டு. மாதம் ஒருமுறை அளந்து, உயரத்துடன் சேர்த்துக் குறித்து வாருங்கள்.

என்ன கொடுக்கலாம்?

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். 6 மாதம் நிறைந்த குழந்தைக்குப் பருப்புச்சாதம், கேழ்வரகுக் கஞ்சி, நன்கு வேகவைத்த முட்டை, மசித்த வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, பலமுறை கொடுங்கள். பித்தநீரின் துணையின்றியே உறிஞ்சப்படும் ஒருவகைக் கொழுப்பு எம்.சி.டி. எண்ணெயில் உள்ளது. உணவியல் வல்லுநர் குறிக்கும் அளவில் அதைக் கஞ்சியிலோ சோற்றிலோ கலந்து தரலாம். தேங்காய் எண்ணெயில் இவ்வகைக் கொழுப்பு ஓரளவு உண்டு. எனினும் அது முழு மாற்றாகாது. வழக்கமான சமையல் எண்ணெயையும் அடியோடு நிறுத்தலாகாது.

புரதம் கல்லீரலைக் கெடுக்கும் என்னும் அச்சம் வேண்டாம். மருத்துவர் சொன்னாலன்றிப் புரதத்தைக் குறைக்காதீர்கள். உறங்கும் முன்பும் விழித்தெழுந்ததும் உணவு கொடுத்து, இரவுப் பட்டினியைச் சுருக்குங்கள். வாயால் போதிய அளவு உண்ண முடியாத குழந்தைக்கு மூக்குவழிக் குழாய் மூலம் இரவில் மெதுவாக உணவு செலுத்துவோம். குழாயைக் கண்டு நோய் முற்றிவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. அறுவைக்கு முன் உடலைத் தேற்றும் வழி அது.

கவனிக்க வேண்டியவை

வயிற்றில் நீர் தேங்கியிருந்தால் உப்பு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வோம். பிறவியிலேயே பால் சர்க்கரையையோ பழச் சர்க்கரையையோ ஏற்காத நோய்களுக்கும், உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கும் தனி உணவுமுறை உண்டு. அக்குழந்தைகளுக்கு மேற்கண்ட பட்டியல் அப்படியே பொருந்தாது. கீழாநெல்லி உள்ளிட்ட எந்த நாட்டு மருந்தையும் எங்களிடம் கூறாமல் கொடுக்காதீர்கள்.

ஊட்டம் ஏன் இத்தனை முக்கியம்?

ஊட்டம் குன்றிய குழந்தைக்கு அறுவைக்குப் பின் தொற்று ஏற்படும் அபாயம் மிகுதி. காயம் ஆறவும் நாளாகும். அமெரிக்காவில் 2002 முதல் மாற்றுக்குக் காத்திருக்கும் குழந்தைகளின் முன்னுரிமையைக் கணிக்கும் முறையில், வளர்ச்சிக் குறைவும் ஓர் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் குழந்தைக்குச் செய்யப்பட்ட முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் நடைபெற்றது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத அக்குழந்தைக்கும் பித்தநாள நோயே. தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியை அளித்தார். மகன் வளர்ந்து மருத்துவரானார். இன்று தமிழ்நாட்டிலேயே இச்சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இது அடங்கும்.

அறுவை பெருநகரத்தில் நடக்கலாம். அதற்கு முந்தைய மாதங்களைக் குழந்தை கழிப்பதோ வேடசந்தூரிலோ நிலக்கோட்டையிலோ உள்ள உங்கள் வீட்டில்தான். ஒவ்வொரு நாளும் குழந்தை என்ன உண்டது, எப்போது உண்டது, எவ்வளவு வாந்தி எடுத்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். மூன்று நாள் குறிப்பு இருந்தாலே எவ்வளவு ஆற்றல் குறைகிறது என்பதைக் கணக்கிட்டு, அதை ஈடுசெய்யும் வழியை உங்களுக்குச் சொல்ல எங்களால் இயலும்.