அறிவு தளர்ந்தோரின் ஆஸ்தி

ஒருவர் இறந்தால் அவருடைய ஆஸ்தி யாரைச் சேரும் என்பதற்கு நம் நாட்டில் விரிவான சட்டங்கள் உண்டு. மைனர்களின் ஆஸ்தியைக் காக்க 1890-ஆம் வருஷத்திலேயே சட்டம் ஏற்பட்டது. ஆனால் உயிரோடிருந்தும் அறிவு தளர்ந்துவிட்ட ஒருவருடைய ஆஸ்தியை யார் நிர்வகிப்பது என்னும் கேள்விக்குச் சுதந்திர பாரதத்தின் சட்டங்கள் இன்று தெளிவான விடை தரவில்லை. இக்குறையால் குடும்பங்கள் படும் பாடு சிறிதன்று.

முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நேயர்கள் மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கட்டும். மறதி நோய் முற்றிப் பெற்ற மகனின் பெயரும் அவர் நினைவில் இல்லை. பென்ஷன் பணம் மாதந்தோறும் அவர் கணக்கில் சேர்கிறது. மகனோ அவருடைய மருந்துக்காகக் கடன் வாங்குகிறான். கையெழுத்திட இயலாதபடி உடல் தளர்ந்தவர்களுக்கு ரிஸர்வ் பாங்கி வழி வகுத்திருக்கிறது. பாங்கி உத்தியோகஸ்தர் ஒருவர் உள்ளிட்ட இரு சாட்சிகள் அடையாளங் காட்டினால், கைப்பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ போதும். ஆனால் ரேகை வைப்பது எதற்கென்று வைப்பவருக்குத் தெரிய வேண்டுமன்றோ? உடலின் தளர்ச்சிக்கு ஏற்பட்ட பரிகாரம் உள்ளத்தின் தளர்ச்சிக்கு உதவாது.

பெரியவர் தெளிவாயிருந்த காலத்தில் மகனுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அதற்கும் இடம் வைக்கவில்லை. அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. மழை வரும்போது மடங்கிப்போகும் குடையை நம்பிப் பயன் என்ன?

அந்நியர் ஆட்சியை நாம் புகழப் போவதில்லை. எனினும் உண்மையை மறைப்பதும் தகாது. 1858-ஆம் வருஷத்துச் சட்டமும், பின்னர் 1912-ஆம் வருஷத்துச் சட்டமும், இத்தகையோரின் ஆஸ்திக்கு நிர்வாகியை நியமிக்கும் அதிகாரத்தை ஜில்லா கோர்ட்டுக்கு அளித்தன. அச்சட்டங்கள் நோயாளியைக் குறித்த சொற்கள் இழிவானவை. அவை ஒழிந்தது நன்றே. 1987-ஆம் வருஷத்தில் நம் பார்லிமெண்டு இயற்றிய சட்டமும் இம்முறையைக் காத்தது. நிர்வாகி கோர்ட்டின் அனுமதியின்றி வீடு நிலங்களை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. வருஷந்தோறும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றெல்லாம் அது கட்டுப்பாடு செய்தது. 2017-ஆம் வருஷத்துச் சட்டம் நோயாளியின் உரிமைகளைச் சிறப்பாகப் பேசிற்று. ஆயினும் பழைய சட்டத்தை நீக்கியபோது ஆஸ்தி நிர்வாகத்தைப் பற்றிய அத்தியாயத்தையும் அதனோடு போக்கிவிட்டது. பழைய கூரையைப் பிரித்தவர்கள் புதுக்கூரை வேய மறந்தனர்.

வேறு சட்டங்கள் இல்லையா என்றால், உண்டு. 1999-ஆம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டம் ஆட்டிஸம், மூளை முடக்கு வாதம் முதலிய குறிப்பிட்ட சில குறைகள் உள்ளோருக்கே உரியது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் கூறும் வரையறுத்த பாதுகாவல், இருவரும் கலந்து முடிவு செய்வதை அடிப்படையாகக் கொண்டது. பேச்சும் நினைவும் அற்றவரோடு கலந்து பேசுவது எங்ஙனம்?

ஆகவே குடும்பங்கள் ஹைக்கோர்ட்டின் வாசலில் நிற்கின்றன. நினைவிழந்து கிடப்போருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் விதிகளைக் கேரள ஹைக்கோர்ட்டு 2019-இல் தானே வகுக்க நேர்ந்தது. 2024-இல் சென்னை ஹைக்கோர்ட்டு, நினைவிழந்த கணவரின் ஆஸ்திக்கு அவர் மனைவியைப் பாதுகாவலராக்கிற்று. நீதிபதிகளின் கருணையைப் போற்றுகிறோம். ஆனால் கருணை சட்டத்துக்கு ஈடாகாது. கடைக்கோடிக் கிராமத்து ஏழை விதவை ரிட் மனுப் போட எங்கே போவாள்?

உறவினரிடம் அதிகாரம் கொடுத்தால் ஆஸ்தியை அபகரிப்பர் என்பது ஓர் ஆட்சேபம். அபகரிப்போர் உண்டென்பதை நாமும் அறிவோம். ஆனால் சட்டமில்லாத இடத்தில்தான் அபகரிப்போருக்கு வசதி மிகுதி. பெரியவருடைய ரகசிய எண்ணை அறிந்தவன் இன்று இயந்திரத்தில் பணத்தை எடுத்துக் கொள்கிறான். கணக்குக் கேட்பார் இல்லை. நேர்மையாய்க் கோர்ட்டை நாடுபவனே அலைந்து களைக்கிறான்.

எனவே நாம் கேட்பவை இரண்டு. அறிவு தளர்ந்த பின்னும் செல்லும் பவர் பத்திரத்துக்குச் சட்டம் வேண்டும். இங்கிலாந்து 1985-லேயே இதைச் செய்தது. சிங்கப்பூர் 2008-இல் சட்டம் இயற்றியது. இரண்டாவதாக, ஜில்லா கோர்ட்டே நிர்வாகியை நியமித்துக் கணக்குக் கேட்கும் முறை, நோயாளியின் மானத்துக்கு இழுக்கில்லாத வகையில், மீண்டும் வேண்டும்.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் வாளாவிருத்தல் கூடாது. பெரியவர்கள் தெளிவாயிருக்கும்போதே வாரிசு நியமனத்தைப் பதிவு செய்து, நம்பிக்கைக்குரியவரோடு கூட்டுக் கணக்கு வைத்து, பத்திரங்கள் இருக்குமிடத்தைச் சொல்லி வைப்பது நலம். பணத்தைக் கையாள்பவர் தம் பணத்தோடு அதைக் கலவாமல், ஒவ்வொரு செலவையும் எழுதி உடன்பிறந்தாருக்குக் காட்ட வேண்டும். சந்தேகத்தால் உடைந்த குடும்பங்கள் பல. கணக்கு நோட்டு ஒன்று அவற்றைக் காத்திருக்கும்.

வோட்டுக் கேட்டு வரும் பிரதிநிதிகளிடம் நம் தொண்டர்கள் இக்கேள்வியை எழுப்புவார்களாக. தம் பணத்தைத் தாமே கேட்டுப் பெற முடியாதவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாமே.